யூதச் சட்டப்படி, விற்ற நிலம் அளவில் கூடவோ குறையவோ இருந்தால் என்ன செய்வார்கள்?

விற்பவர் என்ன சொல்லி விற்றார் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் நில அளவை வேலையில் இருப்பவன். பத்திரத்தில் வரும் 'ஏறக்குறைய' என்ற ஒற்றைச் சொல்லுக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தேடிப் படித்தேன்.

கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், பாவா பத்ரா பகுதியின் 7ஆம் அத்தியாயத்தில் இது வருகிறது. நம் நாஞ்சில் நாட்டுக் 'கோட்டை விதைப்பாடு' போல அங்கும் நிலத்துக்கு விதைக் கணக்குதான். ஒரு கோர் விதை விதைக்கிற நிலம் 'பேத் கோர்', 75,000 சதுர முழம். கோர், ஸேஆ, கவ் எல்லாம் தானியம் அளக்கிற முகத்தல் அளவுகள்: கோருக்கு 30 ஸேஆ, ஸேஆவுக்கு 6 கவ்.

'கயிறு பிடித்து அளந்த பேத் கோர்' என்று விற்றால் துளி குறைந்தாலும் விலையில் கழிக்கணும், துளி கூடினாலும் வாங்கியவர் ஈடுகட்டணும். 'கூடவோ குறையவோ' என்று விற்றால் ஸேஆவுக்குக் கால் கவ் வரை, அதாவது 24இல் 1 பங்கு வரை, யாரும் வாய் திறக்க முடியாது. பேத் கோருக்கு அது 3,125 சதுர முழம், கொஞ்சநஞ்சமில்லை! அதைத் தாண்டிவிட்டால் விட்டுக்கொடுத்த அந்தக் கால் கவ்வும் சேர்ந்தே கணக்குக்கு வந்துவிடும். அடையாளமும் எல்லையும் காட்டி விற்றால் 6இல் 1 பங்குக்கு உள்ளே இருக்கிற வித்தியாசம் செல்லும்.

கயிறு என்றும் சொல்லி, கூடவோ குறையவோ என்றும் சொன்னால்? கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும் என்றார் பென் நன்னாஸ் என்ற மிஷ்னா கால அறிஞர். மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு வியப்பான விஷயம் வேறு. பொருள்களில் அநியாய விலைக்கு வழக்குண்டு, நிலத்துக்குக் கிடையாது. ஆனால் அதே நிலத்தில் அளவு பிசகினால் வழக்குண்டு. பாகம் பிரிக்கும்போது ஒருவனுக்குக் கோடையிலும் இன்னொருவனுக்கு மழைக்காலத்திலும் அளக்காதே என்றுகூட, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்கிறது. காய்ந்த கயிறு சுருங்கும், நனைந்தது நீளும். நாங்கள் பிடிக்கிற இரும்பு டேப் வெயிலில் நீளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் தெரிந்த பண்டிதரே ஏமாந்த கதையும் அதில் இருக்கிறது. ராவ் பாப்பா என்ற அந்தப் பண்டிதர் ஒருவரிடம் 20 ஸேஆ விதைப்பாடு என்று நம்பி நிலம் வாங்கினார். அளந்தால் 15தான். தன் ஆசிரியர் அபாயேயிடம் போனார். "தெரிந்துதானே ஒப்புக்கொண்டாய்" என்றார் அபாயே. 6இல் 1 பங்கு விதியைக் காட்டினார் பாப்பா. "அது நிலத்தை அறியாதவனுக்கு. நீ அறிந்தவன்." "20 என்று சொன்னானே!" "20க்குச் சமமான நல்ல நிலம் என்று சொல்லியிருப்பான்."