பலனை அளந்து பணம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் சேலத்தில் முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். சமூகத் திட்டங்களுக்குப் பலனைப் பொறுத்து நிதி வழங்கும் முறையைப் பற்றி ஆராய எங்கள் துறையில் நான்கு பேரை ஓராண்டுக்கு ஆய்வு மாணவர்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நடக்கும் மாலை நேரப் படிப்பு மையங்களை எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம். இந்த முறையை எங்கிருந்து புரிந்துகொள்ளத் தொடங்குவது?
– ஒரு மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு வரும் விவசாயிக்கு வெறும் எடைக்கு விலை கிடைப்பதில்லை. கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து இருக்கிறது என்று பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே பணம் தருகிறார்கள். வாங்குகிற ஆலையே பாயிண்டையும் பார்க்கிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. நீங்கள் ஆராயப்போகும் முறையின் நியாயமும் சிக்கலும் இந்த ஒரு வழக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

வழக்கமாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி கொடுப்பவர்கள் எத்தனை முகாம் நடந்தது, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், ரசீதுகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் கேட்பார்கள். பிள்ளை படிக்கக் கற்றுக்கொண்டதா என்ற கேள்வி அந்தக் கோப்பில் எங்கும் இருக்காது. பலனைப் பொறுத்து நிதி தரும்போது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்குத்தான் பணம். ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை சம்பளத்துக்கும் வண்டிச் செலவுக்கும் நிறுவனத்திடம் கைமுதல் இருக்காது. ஆகவே ஒரு முதலீட்டாளர் முன்பணம் போடுகிறார். இலக்கு எட்டப்பட்டால் அரசோ ஓர் அறக்கட்டளையோ அவருக்கு முதலையும் அதன்மேல் ஒரு தொகையையும் தருகிறது. எட்டாவிட்டால் அவர் போட்ட பணம் போனதுதான். இதற்குச் சமூகத் தாக்கப் பத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்திரம் என்ற சொல்லைக் கண்டு சந்தையில் வாங்கி விற்கும் கடன் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள், இது பல தரப்பினர் சேர்ந்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்.

இவ்வகையில் உலகின் முதல் ஒப்பந்தம் 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கியது. ஓராண்டுக்கும் குறைவான தண்டனை முடிந்து வெளியே வருபவர்கள் மறுபடி குற்றம் செய்யாமல் இருக்க வீடு, வேலை, துணை என உதவினார்கள். 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். இந்த உதவி பெறாத, இவர்களைப் போன்றவர்களைக் கொண்ட ஒப்பீட்டுக் குழுவைவிட மறுகுற்றத் தீர்ப்புகள் 7.5 சதவீதம் குறைந்தால் பணம் என்பது நிபந்தனை. 2017இல் வந்த முடிவு 9 சதவீதக் குறைவைக் காட்டியது, பணமும் திரும்பியது.

நம் நாட்டில் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்ததை. எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு நிறுவனம் களத்தில் இறங்கியது. யூபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் கொடுத்தது. பலனுக்குப் பணம் தர சிஐஎஃப்எஃப் என்ற மற்றோர் அறக்கட்டளை முன்வந்தது. அளக்கும் பொறுப்பு ஐடிஇன்சைட் என்ற தனி அமைப்பிடம் இருந்தது. தொகையில் 80 சதவீதம் கற்றல் முன்னேற்றத்துக்கு, 20 சதவீதம் பள்ளிக்கு வராத சிறுமிகளைச் சேர்ப்பதற்கு. இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் ஏறத்தாழப் பாதிதான் எட்டப்பட்டிருந்தது. அந்த அளவீட்டைக் கண்டு பாடம் நடத்தும் விதத்தையே மாற்றினார்கள். வகுப்புக்கு வராத பிள்ளைகளை வீடு தேடிப் போனார்கள். முடிவில் கற்றலில் இலக்கின் 160 சதவீதமும் சேர்க்கையில் 116 சதவீதமும் கிடைத்தன. எனக்கு அந்த 160ஐவிட இரண்டாம் ஆண்டின் பாதிக் கணக்கே முக்கியமாகப் படுகிறது. நடுவழியில் அளந்து பார்த்திராவிட்டால் மூன்றாம் ஆண்டும் பழைய முறையிலேயே போயிருக்கும்.

கேள்வி: மலையில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். ஏழைப் பிள்ளைகளின் படிப்பில் ஒருவர் முதல் போட்டு வட்டி பார்ப்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தவறா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஏற்காடு

பதில்: தவறே இல்லை ஐயா. பில்வாராவில் முன்பணம் போட்ட அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் வருவாய் கிடைத்தது. அது தனியார் கைக்குப் போகவில்லை என்றாலும், அந்தத் தொகையில் இன்னும் எத்தனை வகுப்புகள் நடத்தியிருக்கலாம் என்று கேட்பது நியாயமான கேள்வி. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இளைஞர்களுக்காக 2012இல் தொடங்கிய திட்டத்துக்கு கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி கடன் கொடுத்தது. மறுகுற்றம் குறையவில்லை என்று 2015இல் தெரிந்ததும் திட்டம் நின்றது. நகராட்சி பலனுக்கான பணம் எதையும் தரவில்லை. ஆனால் அந்தக் கடனின் பெரும்பகுதிக்கு வேறோர் அறக்கட்டளை உத்தரவாதம் கொடுத்திருந்ததால், வங்கியின் இழப்பு சிறிய பங்கோடு முடிந்தது. தோல்வியின் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில்தான் தேட வேண்டும். அரசின் அடிப்படைக் கடமைகளுக்கு இம்முறை மாற்றாகாது என்பதே என் கருத்து. பள்ளிக் கட்டடமும் ஆசிரியர் பணியிடமும் எந்த முதலீட்டாளருக்காகவும் காத்திருக்கக் கூடாது. புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும் இடத்தில் மட்டும் இதற்கு வேலை உண்டு.

கேள்வி: அளந்து காட்டுவதுதான் எல்லாம் என்றால், அளவையே வளைத்துவிட மாட்டார்களா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வளைக்க எண்ணாமலே வளைந்துவிடும் என்பதுதான் கவலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முன்பருவக் கல்விக்காக 2013இல் இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பின்னாளில் சிறப்புக் கல்வி தேவைப்படக்கூடும் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்ட 110 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் அது தேவைப்பட்டது என 2015இல் அறிவித்தார்கள். கேட்பதற்கு அற்புதமாக இருக்கிறது. ஆனால் அந்த 110 பேரைக் குறித்த தேர்வே சரியா, திட்டம் இல்லாவிட்டாலும் அவர்களில் பலருக்கு அது தேவைப்பட்டிருக்காதே என்று கல்வி ஆய்வாளர்கள் கேட்டார்கள். அங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை.

நம் மாவட்டத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான். தொட்டிலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடினால் அது வெற்றியா? ஓர் உயிர் பிழைத்தது என்று பார்த்தால் வெற்றி. இன்னொரு பெண் குழந்தையை வீடு வேண்டாம் என்றது என்று பார்த்தால் அல்ல. அந்த எண்ணிக்கைக்குப் பணம் என்று எவரேனும் ஒப்பந்தம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்ற டிசம்பரில் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்து மையத்துக்குப் போயிருந்தேன். பதிவேட்டில் 18 பெயர்கள், பாயில் ஏழு பிள்ளைகள். "காப்பிப் பழம் பறிப்பு இன்னும் முடியலைங்க, அம்மாமாரோட போயிருக்குதுங்க" என்றார் பாடம் சொல்லும் பெண். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பத்தியைத் தடங்கலின்றிப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்து இது என்ன என்று கேட்டேன். அவள் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. பத்தியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தை அடைந்ததும் சொன்னாள். பார்வையிட வருபவர்கள் அனைவரும் அந்த ஒரே தாளைத்தான் நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்மீதோ சிறுமிமீதோ எனக்குக் குறையில்லை; ஒரே தாளைக் கொண்டு அளந்தவர்கள்மீதுதான்.

கேள்வி: மீண்டும் எழுதுகிறேன். நாங்கள் மாணவர்கள்தானே, எங்கள் ஆய்வு யாருக்குப் பயன்படும் என்று தயக்கமாக இருக்கிறது.
– அதே மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: தயங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இந்த ஒரு துறைக்காகவே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் சோரன்சன் மையத்தில் மாணவர்களும் இத்தகைய திட்டங்களில் பணியாற்றியிருக்கிறார்கள். ஆலைக்கும் விவசாயிக்கும் இடையில் பாயிண்ட் பார்க்க மூன்றாவது ஆள் இல்லாத குறையை நினைத்துப் பாருங்கள். முதல் போட்டவருக்கும் களப்பணியாளருக்கும் இடையில் அந்த மூன்றாவது ஆளாக நிற்பதற்கு, பணத்தில் பங்கில்லாத மாணவரைவிடத் தகுதியானவர் யார்?

தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் கொடுத்ததைப் போலத் தருவதற்கும், பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்த்துத் தருவதற்கும் என்ன வேறுபாடு வரும் என்பதை உங்கள் மையக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கிய பிள்ளையைக் கைவிட்டுச் சுலபமாகத் தேறுபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள அது தூண்டுமா என்று பாடம் சொல்பவர்களிடமே கேளுங்கள். மையம் இல்லாத கிராமங்களையும் சேர்த்து அளங்கள். ஜூனில் ஒருமுறை, பறிப்பு முடிந்த பிறகு மார்ச்சில் ஒருமுறை என்று போங்கள். பறிப்புக் காலத்தில் பாயில் இருக்கும் ஏழு பேரை மட்டும் சோதித்துத் திரும்பினால், வராத பதினொரு பேர் உங்கள் கணக்கில் இல்லாமலே போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பத்திகளைக் கொண்டுபோங்கள். அந்தச் சிறுமியை நீங்கள் சந்தித்தால், நடுச் சொல்லிலிருந்து படிக்கச் சொல்லிப் பாருங்கள்.