பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தோள் வலிப்பது ஏன்?

வலி தோளில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் வாயுவாகத்தான் இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில்) பித்தப்பையை எடுத்த மூன்றாம் நாள், தையல் போட்ட இடம்கூடச் சும்மா இருக்க வலது தோள் மட்டும் குடைகிறதே, தலையணை சரியில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். தலையணை மேல் பழி போடாதீர்கள்.

கருவிகள் புழங்க இடம் வேண்டும் என்று வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைப்பார்கள், முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும், அது மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதான நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளைக்கு முகவரி குழம்பிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க:

1. தோளை அழுத்துங்கள், கையை மெதுவாகச் சுழற்றுங்கள். வலி கூடாவிட்டால் பெரும்பாலும் தோளில் கோளாறு இல்லை.

2. மல்லாந்து படுங்கள். வாயு வலி பெரும்பாலும் படுத்தால் தணியும், நிமிர்ந்து உட்கார்ந்தால் கூடும்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் நடங்கள். தோளில் துணி வைத்து மிதமான வெந்நீர் ஒத்தடம் தரலாம். தைலம் தேய்ப்பதால் வாயு கரையாது, வாசனைதான் மிச்சம். வலி மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்ததே போதும்.

பொதுவாகச் சில நாளில் போய்விடும். ஆனால் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.