பெர்த் – லண்டன்: அந்த 7 மணி நேரம் எங்கே போனது?

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பெர்த்தில் புறப்பாடு மாலை 6.45, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்குவது மறுநாள் காலை 5.05. கழித்துப் பார்த்து 10 மணி 20 நிமிடம் என்கிறீர்கள். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். ஜூலைப் பயணம் என்பதால் லண்டன் 7 மணி நேரம் பின்னால். கூட்டினால் 17 மணி 20 நிமிடம். அக்டோபர் கடைசிக்குப் பிறகு என்றால் 8 கூட்டுங்கள். பெர்த்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

இரண்டு ஊருக்கும் இடையே நீங்கள் பார்த்த 14,500 கி.மீ. சரிதான், அது பூமி உருண்டை மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 16 மணி நேரம்தான் வரும். மீதியை எதிர்க்காற்றும், சுற்றிப்போகும் பாதையும், ஓடுபாதை வரை ஊர்வதும் தின்றுவிடும். திரும்பும்போது அதே மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். அரை மணியாவது மிச்சம்.

2024 ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க, இதே விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனது. இப்படித் தாமதமாகலாம் என்பதால், லண்டனில் இணைப்பு விமானம் இருந்தால் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள்.