பல் தண்டவாளம் இல்லாமல் ஊட்டி ரயிலை மிஞ்சிய ஏற்றம்: காஸ் மர ரயில்

கேள்வி: நீலகிரி மலை ரயிலைவிடச் செங்குத்தான ஏற்றத்தில், பல் தண்டவாளம் இல்லாமலே ஏறும் நீராவி ரயில் எங்காவது இருக்கிறதா? அதன் வரலாறு என்ன?

இருக்கிறது. ஏறியும் பார்த்துவிட்டேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கிரீன்பிரையர் ஆற்றங்கரையில் காஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பால்ட் நாப் என்ற மலை உச்சிக்கு, ஒரு காலத்தில் காட்டில் வெட்டிய மரத்தைக் கீழே இறக்கிய இந்த ரயில் போகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊட்டி ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். அதாவது 100 அடிக்கு 8.33 அடி. அதற்கே இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் தண்டவாளம் (ரேக்) போட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. காஸில் மிகச் செங்குத்தான இடத்தில் 100 அடிக்கு 11 அடி. நடுவில் ஒன்றும் கிடையாது. வழுவழுப்பான இரண்டு தண்டவாளங்கள், அவ்வளவுதான்.

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊட்டி ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சின்கள் செய்து கொடுத்த அதே பொன்மலை. எங்களோடு தங்க வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு காஸுக்குக் கிளம்பினேன். வழியில் இந்த 11 கணக்கைச் சொன்னதும் சிரித்தார். "பதினொன்னா? எவனாவது தப்பா எழுதிவெச்சிருப்பான். ரேக் இல்லாம அவ்ளோ ஏத்தத்துல வீல் வழுக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்தும்டா."

ஸ்டேஷனில் 5ஆம் நம்பர் எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு நின்றது. 1905இல் ஒஹாயோவின் லைமா தொழிற்சாலையில் செய்தது. வந்த நாளிலிருந்து இதே மலையில்தான் வேலை. அப்பா இடப்பக்கமாக ஒருமுறை நடந்தார். அந்தப் பக்கம் சிலிண்டரும் இல்லை, சக்கரங்களை இணைக்கும் ராடும் இல்லை. பாய்லர் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. "ஏதோ கோணலா இருக்கே" என்றபடியே வலப்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

எஞ்சினின் விஷயமெல்லாம் அந்தப் பக்கம்தான். மூன்று சிலிண்டர்கள், படுத்திராமல் நிமிர்ந்து நிற்கின்றன. அவை கீழே ஒரு கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. அதிலிருந்து முன்னும் பின்னுமாக எஞ்சினின் முழு நீளத்துக்கும் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. எஞ்சின் வளைவில் திரும்பும்போது முறியாதபடி இடையிடையே யுனிவர்சல் ஜாயிண்ட். ஒவ்வொரு சக்கரத்தின் வெளிமுகத்திலும் பெவல் கியர், அதாவது சுழற்சியைத் திசை திருப்பிக் கொடுக்கும் சாய்வுப் பற்சக்கரம். அந்தப் பக்கம் இவ்வளவு பாரம் தொங்குவதால்தான் பாய்லரை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்பா குனிந்து, கிரீஸ் வழியும் அந்த கியரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லாரிக்கு அடியில இருக்குற சாமான எல்லாம் எடுத்து விலாவுல மாட்டிவிட்டிருக்கான்."

அவர் சொன்னதுதான் பாதிப் பதில். சாதாரண நீராவி எஞ்சினில் நடுவில் இருக்கும் பெரிய சக்கரங்களுக்கு மட்டும்தான் விசை போகும். பின்னால் வரும் டெண்டர், அதாவது தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் வண்டி, வெறும் பாரம். இதில் டெண்டரின் அடியில் இருக்கும் போகி உட்பட பன்னிரண்டு சக்கரங்களும் ஓட்டுச் சக்கரங்கள். எஞ்சினின் மொத்த எடையும் பிடிமானத்துக்கு உதவுகிறது. சக்கரங்கள் சின்னவை, கியர் போட்டு வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டியிருக்கிறார்கள். மூன்று சிலிண்டர் மாறி மாறித் தள்ளுவதால் விசை விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறது. வழுக்குவதற்கு அந்த விட்டுவிட்டு வரும் உதைதான் பெரிய காரணம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்கள், அது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான்.

இந்த வகை எஞ்சினுக்கு ஷே என்று பெயர். எஃப்ரைம் ஷே என்பவர் மிச்சிகனில் மரம் வெட்டி விற்றவர். அந்தக் காலத்தில் வெட்டிய மரத்தைக் குளிர்காலத்தில் பனிமேல் சறுக்குவண்டியில் இழுத்து வருவார்கள். பனி சரியாக விழாத வருஷம் மரம் காட்டிலேயே கிடக்கும். அவர் மரத்தாலேயே தண்டவாளம் போட்டுப் பார்த்தார். சாதாரண எஞ்சினை ஓட்டினால் மரத் தண்டவாளம் சிதைந்தது. அதனால் ஒரு தட்டை வண்டியின் மேல் பாய்லரை வைத்து, கியர் வழியாக எல்லாச் சக்கரத்துக்கும் விசை கொடுத்தார். 1881இல் காப்புரிமை வாங்கினார். லைமா தொழிற்சாலை இந்த வகையில் 2,700க்கு மேல் செய்து விற்றது. கடைசியாக 1945இல் செய்த ஷே 162 டன். அதுவும் இப்போது காஸில்தான் இருக்கிறது.

இனி ஊர்க் கதை. 1900 டிசம்பரில் கிரீன்பிரையர் ஆற்றோரமாகப் பெரிய ரயில் பாதை காஸுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற காகிதக் கம்பெனி மலைக்குமேல் தண்டவாளம் போட ஆரம்பித்தது. குறி, மேலே அடர்ந்து நின்ற சிவப்பு ஸ்ப்ரூஸ் மரம். காகிதக் கூழுக்கு அருமையான சரக்கு. ஊருக்கே கம்பெனி நிர்வாகி ஒருவரின் பெயரைத்தான் வைத்தார்கள்: ஜோசப் கே. காஸ்.

1902இல் ஓட ஆரம்பித்த அறுவை மில், பதினொரு மணி நேர ஷிஃப்ட் இரண்டாக, வாரத்துக்கு ஆறு நாள் ஓடியது. ஒரு ஷிஃப்டுக்கு 1,25,000 போர்டு ஃபுட் அறுத்தார்கள். நம் ஊர் மரக்கடைக் கணக்கில் பத்தாயிரம் கன அடிக்கு மேல். எனக்கு இந்த எண் மனதில் பதியவே இல்லை. மில் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் துருப்பிடித்த இரும்பையும் கான்கிரீட்டையும் சுற்றி நடந்த பிறகுதான் அளவு புரிந்தது. மில் கட்டடம் தீயில் போய்விட்டது.

வீடு, கடை எல்லாம் கம்பெனியுடையது. ஒரே மாதிரி வெள்ளைப் பெயிண்ட் அடித்த மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. வால்பாறை எஸ்டேட் லைன் வீடு பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு உடனே பிடிபடும். (எஸ்டேட் லைனைவிட நிச்சயம் வசதியான வீடுகள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) கம்பெனி எல்லைக்குள் சாராயத்துக்கு இடமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாம் கிடைத்தது. மாதக்கணக்கில் மலை முகாமில் கிடந்த மரவெட்டிகள் கீழே இறங்கி, கூலியை அங்கே இறைத்துவிட்டு மறுபடி மலையேறியிருக்கிறார்கள்.

மலைக்குமேலும் ஓர் ஊர் இருந்தது, பெயரே ஸ்ப்ரூஸ். 3,853 அடி உயரத்தில், சாலையே கிடையாது, ரயில் மட்டும்தான். மரத்தின் பட்டையை உரித்துக் கூழாலைக்கு அனுப்பும் மில், ஹோட்டல், டாக்டர், சில டஜன் வீடுகள். இன்று புல்வெளி நடுவில் கொஞ்சம் அஸ்திவாரம் மட்டும் தெரியும்.

இவ்வளவு செங்குத்தாக ஏன் போட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவாரஸ்யமான விஷயம். ஊட்டி ரயிலில் ஆளும் சரக்கும் மேலே போக வேண்டும். அதனால் பாதையை வளைத்து வளைத்து, பாலமும் சுரங்கமும் கட்டி, ஏற்றத்தைக் கட்டுக்குள் வைத்து, அதற்கும் மேல் பல் தண்டவாளமும் போட்டார்கள். மர ரயிலில் கதை தலைகீழ். மேலே ஏறுவது காலி வண்டி. பாரம் வருவது இறக்கத்தில். காட்டை வெட்டி முடித்ததும் பிடுங்கி அடுத்த சரிவில் போடப்போகிற தண்டவாளத்துக்கு எவன் சுரங்கம் குடைவான்? ஓடை போகிற வழியே ஏற்றிவிட வேண்டியது, இடம் போதாவிட்டால் இசட் போட வேண்டியது. ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

அந்த இசட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் பெரும்பாலும் இறக்கப் பக்கம் நின்று வண்டிகளைத் தள்ளுகிறது, ஊட்டி ரயில் மாதிரியே. இணைப்பு அறுந்தாலும் வண்டி எஞ்சின் மேல்தான் சாயும், மலையிலிருந்து ஓடிவிடாது. ஏறும் வழியில் ஓரிடத்தில் பாதை முட்டுச்சந்து மாதிரி முடிகிறது. ரயில் முழுவதும் அதற்குள் போய் நிற்கும். ஒருவர் இறங்கி, தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டை மாற்றுவார். பிறகு ரயில் வந்த திசைக்கே திரும்பி, ஆனால் இன்னும் மேலே ஒரு பாதையில் கிளம்பும். இப்போது எஞ்சின் இழுக்கும் பக்கம் வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் இன்னொரு முட்டு, மறுபடி திசை மாற்றம், மறுபடி தள்ளல். முதல் முட்டில் எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்த குழந்தை வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டது.

பெட்டிகளும் அசல் மரவண்டிகள்தான். கட்டை ஏற்றிய தட்டை வண்டிமேல் கூரையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். கரித்தூள் தலையில் விழும், கண்ணில் விழும். செங்குத்தான இடம் வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். எக்ஸ்பிரஸ் வண்டி பறக்கிற மாதிரி அவ்வளவு வேகமாக அடிக்கிறது எஞ்சின். கண்ணைத் திறந்து பார்த்தால் பக்கத்துப் புதரில் உள்ள இலையை எண்ணலாம். நான் இறங்கி நடந்தால்கூட முந்திவிடுவேன் போலிருந்தது. அதுதான் கியர். "வழுக்கலையே?" என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

சரி, மரம் தீர்ந்த பிறகு என்ன ஆச்சு? முதல் காட்டைக் கம்பெனி ஏறக்குறைய முழுவதுமே வெட்டிவிட்டது. 1942இல் மோவர் லம்பர் என்ற கம்பெனிக்கு விற்றது. அவர்கள் மறுபடி வளர்ந்திருந்த மரத்தை வெட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 1960 ஜூலை 1ஆம் தேதி மில்லும் ரயிலும் நின்றன. அந்த வட்டாரத்தில் அப்படி நின்ற எத்தனையோ மர ரயில்களுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர இருந்தது. காயலான் கடைக்காரர் வந்து தண்டவாளத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அப்போது பென்சில்வேனியாவின் சன்பரி ஊரைச் சேர்ந்த ரஸல் பாம் என்ற ரயில் பைத்தியம் (நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்) குறுக்கே வந்தார். இதைப் பிய்த்துப் போடாதீர்கள், சுற்றுலா ரயிலாக ஓட்டலாம் என்று உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மாநில அரசிடம் போய் வாதாடினார். நீராவி ரயிலை அமெரிக்காவே கழித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் மாநில சட்டமன்றம் சம்மதித்தது. 1961இல் அரசே வாங்கியது. 1963 ஜூனில் நாலு மைல் தூரத்திலுள்ள விட்டேக்கர் வரை முதல் சுற்றுலா ரயில் ஓடியது. அந்த ஒரு சீசனில் மட்டும் 23,000 பேர் ஏறினார்கள். 1968இல் 4,842 அடி உயரமுள்ள பால்ட் நாப் வரை போக ஆரம்பித்தது. 1977இல் ஊரையும் சேர்த்து அரசு வாங்கிக்கொண்டது. அந்த வெள்ளை வீடுகளில் இப்போது வாடகைக்குத் தங்கலாம்.

போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. விட்டேக்கர் வரை மட்டும் போகும் குறுகிய பயணமும் உண்டு. பால்ட் நாப் போய்வர அரைநாள் ஆகும். முடிந்தால் அதற்கே டிக்கெட் எடுங்கள். அக்டோபரில் இலை நிறம் மாறும் வாரங்கள் என்றால் மிகவும் முன்னதாக. கோடையிலும் ஸ்வெட்டர் தேவை, மேலே போகப் போகச் செடியும் காற்றும் மாறிவிடும். மொபைல் சிக்னலை நம்பாதீர்கள். பக்கத்திலேயே கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருப்பதால் அந்த வட்டாரத்தில் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடு. அந்த ராட்சத வெள்ளைக் கிண்ணம் பால்ட் நாப் உச்சியிலிருந்து நன்றாகவே தெரியும்.

இறங்கும்போது எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பெட்டிக்குப் பெட்டி மாறி கைப்பிரேக் சக்கரத்தை முறுக்கிக்கொண்டிருந்த பிரேக்ஸ்மேனையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக் கட்டை சூடேறிய வாசனை பெட்டி முழுக்க. காஸ் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக 5ஆம் நம்பரின் வலப்பக்கம் போனார். எஞ்சின்காரர் எண்ணெய்க் கேனுடன் ஒவ்வொரு ஜாயிண்ட்டாக விட்டுக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்பா ஒரு பெவல் கியரைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அவர் இன்னொரு சக்கரத்தின் பக்கம் அழைத்துப்போய், பல் தேய்ந்திருந்த இடத்தைக் காட்டினார். பத்து நிமிஷம் அப்படியே போனது. நான் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.