ஒரு நகரத்தின் பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த என்னென்ன செய்ய வேண்டும்?

சாலைகளையும் நடைபாதைகளையும் வடிவமைக்கும் பொறியாளனாகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். கட்டி முடித்த இடங்களை மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து நடந்து பார்த்துக் குறைகளைப் பதிவு செய்யும் ஆய்வுகளிலும் தொடர்ந்து கலந்துகொள்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். இப்படிப்பட்ட கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் சாய்தளம், லிஃப்ட், பிரெய்ல் பலகை, தனிக் கழிப்பறை என்று வசதிகளை வரிசையாக அடுக்கிவிடும். அவை அனைத்தும் தேவைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை அத்தனையும் உள்ள நகரத்திலும்கூட, சக்கர நாற்காலியில் புறப்பட்ட ஒருவர் நூலகம் வரை போய்ச் சேர முடியாமல் பாதி வழியில் திரும்ப நேர்வது உண்டு. வீட்டு வாசலிலிருந்து சேரும் இடம் வரை எங்கும் அறுபடாத வழி ஒன்று அவருக்கு வேண்டும். அதில் ஒரே ஓர் இடத்தில் தடை இருந்தாலும், மீதி வழிக்குச் செய்த செலவெல்லாம் அவரைப் பொறுத்தவரை வீண். அந்தத் தடை பெரும்பாலும் ஒரு துறையின் பொறுப்பு முடிந்து இன்னொரு துறையின் பொறுப்பு தொடங்கும் இணைப்பிடத்தில்தான் இருக்கிறது. மேம்பாட்டை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

நடைபாதை சாலையைச் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளின் விதிமுறைகளில் உள்ளது. அதாவது, 15 செ.மீ. உயரமுள்ள நடைபாதையில் ஏற 180 செ.மீ. நீளச் சாய்தளம் தேவை. வரைபடத்தில் இதைக் காட்டுவது எளிது. களத்தில் போதிய இடமில்லை என்றதும் அந்த நீளம் பாதியாகக் குறைக்கப்பட்டு, சாய்தளம் போட்டாயிற்று என்று கணக்கில் ஏறிவிடும். சரிவு சரியாக அமைந்தாலும் அதன் அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். சாய்தளம் கட்டுபவர் ஒருவர், சாலைக்குத் தார் போடுபவர் வேறொருவர். அடுத்த முறை தார் போடும்போது சாலை மட்டம் மாறி, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் படி விழுந்துவிடுகிறது. நடந்து போகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். சக்கர நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்களோ அதில் முட்டி நின்றுவிடும், வேகத்தோடு வந்தவர் முன்னால் குப்புற விழவும் கூடும். இதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத குறை பக்கவாட்டுச் சரிவு. மழைநீர் வடிவதற்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவே போதும். வீடுகளுக்குள் வாகனம் ஏறுவதற்காக அதைக் கூட்டிவிட்டால், நாற்காலி தானாகச் சாலைப் பக்கம் இழுக்கும்; அதில் இருப்பவர் ஒரு கையால் அழுத்தித் தள்ளி, மறு கையால் பிடித்து நிறுத்தியபடியே அந்தத் தெருவைக் கடக்க வேண்டும்.

வசதியை வழித்தடமாகத் திட்டமிடுவது புதிதன்று. அமெரிக்காவின் கலமசூ நகரத்தில், போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்களுக்காக 1940களிலேயே நடைபாதை விளிம்புகள் சரிவாக்கப்பட்டன. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் எட் ராபர்ட்ஸ் முதலிய மாற்றுத்திறனாளி மாணவர்கள் தொடங்கிய இயக்கத்தின் வலியுறுத்தலால், 1970களின் தொடக்கத்தில் கடைவீதிகளின் ஊடே தொடர்ச்சியான சக்கர நாற்காலி வழித்தடம் ஒன்று திட்டமிடப்பட்டது. இந்தச் சாய்தளங்களால் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் சரக்கு இறக்குபவர்களும் பயன்பெற்றார்கள் என்று பலரும் எடுத்துச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று காட்டினால்தான் இந்தச் செலவு நியாயமாகும் என்ற நிலை எனக்கு உடன்பாடானதன்று.

பார்வையற்றோருக்கான தொட்டுணர் ஓடுகளை ஜப்பானியரான செய்ச்சி மியாகே 1965-ல் உருவாக்கினார். 1967-ல் ஒக்காயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளியின் அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் புடைத்த ஓடு இத்திசையில் போகலாம் என்பதையும், வட்டப் புள்ளிகள் புடைத்த ஓடு நின்று கவனிக்க வேண்டும் என்பதையும் காலுக்கும் கோலுக்கும் உணர்த்துகின்றன. இரண்டே குறிகளால் ஆன ஏற்பாடு என்பதால், ஓர் ஓடு திசை மாறினாலும் பொருள் மாறிவிடும். ஓர் ஆய்வில், கோடுகளைப் பின்பற்றி நடந்துகொண்டிருந்த பார்வையற்ற நண்பர் நடைபாதையின் நடுவே திடீரென்று நின்றார், கோலை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்துவிட்டு, "சார், இங்கே சாலைப் பக்கம் திரும்பச் சொல்கிறதே?" என்று கேட்டார். குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பாதையின் நடுவே இருந்த மேன்ஹோலின் சதுர மூடியின் மேலும் ஓடுகளை முறையாகவே பதித்திருந்தார்கள். அடைப்பெடுக்கத் திறந்தவர்கள் மூடியைக் கால்வட்டம் திருப்பி வைத்து மூடிவிட்டார்கள். கோடுகள் நேராக வாகனங்களை நோக்கிக் கிடந்தன. மூடி ஒரே வாக்கில்தான் பொருந்தும் என்ற வகையில் மூடியைத் தாங்கும் சட்டகத்தில் ஒரு பள்ளம் வைத்துவிட்டால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: கோல் தரையைத்தான் தடவும். மார்பு உயரத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மின்பெட்டியை அது காட்டிக்கொடுக்காது. அத்தகைய பொருளுக்கு நேர்கீழே, கோலில் தட்டுப்படும் வகையில் தரையில் ஒரு திண்டாவது இருக்க வேண்டும்.

ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்கு இடையூறாவதும் உண்டு. சக்கர நாற்காலிக்கு நடைபாதையின் விளிம்புக் கல் தடை. கோலோடு வருபவருக்கோ நடைபாதை முடிந்து சாலை தொடங்குகிறது என்று அறிவிப்பதே அந்தக் கல்தான். அதனால்தான் விளிம்பைத் தாழ்த்தும் இடங்களிலெல்லாம் புள்ளி ஓடுகள் கட்டாயமாகின்றன. நடைபாதையையும் சாலையையும் ஒரே மட்டத்தில் அமைக்கும் வடிவமைப்பு ஐரோப்பாவில் சில காலம் பெரிதும் பாராட்டப்பட்டது. லண்டனின் எக்ஸிபிஷன் சாலை அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஓட்டுநரும் பாதசாரியும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து வழிவிட்டுக்கொள்வார்கள் என்பது அதன் அடிப்படை எதிர்பார்ப்பு. பார்வையில்லாதவர் என்ன செய்வார் என்பதற்கு அதில் விடையில்லை. பார்வையற்றோர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்த பிறகு, இத்தகைய ஒருமட்டத் திட்டங்களை நிறுத்தி வைக்குமாறு இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளை 2018-ல் அரசே கேட்டுக்கொண்டது.

சாலையைக் கடப்பதில் சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. நடைவேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுவது எங்கள் தொழிலில் நெடுங்கால வழக்கம். ஊன்றுகோலோடு நடப்பவர் 12 மீட்டர் சாலையைப் பத்து வினாடியில் கடந்துவிட மாட்டார். சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் கடக்கும் நேரம் சில வினாடிகள் நீளும் ஏற்பாடு இருக்கிறது. பார்வையற்றோருக்கு ஒலி எழுப்பும் சிக்னல்களும் தேவை. ஆனால், பார்வையோடு காதும் கேளாதவருக்கு அவை உதவா. பிரிட்டனின் பல சிக்னல்களில் பொத்தான் பெட்டியின் அடியில் சிறு கூம்பு ஒன்று இருக்கும். விரலால் பிடித்துக்கொண்டு நின்றால், பச்சை விழுந்ததும் அது சுழல்வதை உணரலாம். பெட்டியைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பேருந்து நிறுத்தமும் ஓர் இணைப்பிடம்தான். சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட் இல்லாத பேருந்துகளை எதிர்த்து அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1978 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் 19 பேர் சாலையில் பேருந்துகளை மறித்து இரவெல்லாம் போராடினார்கள். இன்று தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டன. ஆயினும் ஓட்டுநர் நிறுத்தத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினால் தாழ்தளம் இருந்தும் பயனில்லை. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1991-ல் பேருந்தின் தளமும் நிறுத்தத்தின் தளமும் ஒரே உயரத்தில் அமையும் குழாய் வடிவ நிலையங்களைக் கட்டியது. ஜெர்மனியின் காசெல் நகரத்தின் பெயரைத் தாங்கிய விளிம்புக் கல் இன்னும் எளிய தீர்வு: அதன் உட்குழிவான பக்கம் டயரைத் தடவி வழிநடத்துவதால், ஓட்டுநர் பேருந்தைக் கல்லை ஒட்டியே நிறுத்திவிட முடிகிறது.

ஒருவர் எத்தனை நேரம் வெளியில் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கழிப்பறை. பயன்படுத்தத் தகுந்த கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற அச்சத்தில், வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுத்தண்டு காயமுற்றவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும் என்பதால் இது உடல்நலத்தையே பாதிக்கும் விஷயம். கதவின் அகலமும் கைப்பிடிகளும் விதிப்படி இருக்கும். ஆனால், நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து அமர்வதற்காக விட்ட இடத்தில் துடைப்பங்களும் வாளிகளும் அடுக்கப்பட்டிருக்கும். அல்லது கதவு பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்பதை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே விழுந்தவர் இழுத்து உதவி கேட்பதற்காகத் தரை வரை தொங்க வேண்டிய சிவப்புக் கயிறு, கூட்டிப் பெருக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்பதைத் துப்புரவுப் பணியாளருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், குறை அவருடையதன்று.

பலரும் மாற்றுத்திறன் என்றால் சக்கர நாற்காலியை மட்டுமே நினைக்கிறார்கள். நிலையத்தில் பிளாட்பாரம் மாறிவிட்டது என்பதை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால், காது கேளாதவர் தவறான இடத்தில் காத்திருப்பார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பேசித்தான் உதவி கேட்க முடியும் என்பதும் அவரை வெளியே தள்ளுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எளிய சொற்களும் படக்குறிகளும் கொண்ட பலகைகள் தேவை. அவை நகரம் முழுவதும் ஒரே மாதிரியாக இருப்பது அதைவிட முக்கியம்.

இவற்றை யார், எப்படிச் செய்வது என்பதில்தான் நகரங்கள் தடுமாறுகின்றன. 2006-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 2008-ல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அதன் 9-ஆம் உறுப்பில் அணுகல் வசதியை அரசுகளின் கடமையாக்குகிறது. முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 4-ஆம் உறுப்பு சொல்கிறது. கலந்தாலோசனை என்பது வரைபடம் முடிவான பின் நடக்கும் ஒரு கூட்டமாகவும், கையொப்பத் தாளாகவும் சுருங்கிவிடக் கூடாது. என் பரிந்துரை இது: பல வகைக் குறைபாடு உள்ளவர்களைக் கொண்ட ஒரு சிறு குழு, அதற்குரிய ஊதியம் பெற்றுக்கொண்டு, வேலை முடிந்த வழியை முழுவதும் கடந்து பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை விடுவிக்கப்பட வேண்டும். பணத்தோடு பிணைத்துவிட்டால், அந்த ஒரு விரற்கடைப் படியைத் தேய்த்துச் சரிசெய்ய யாரும் தயங்க மாட்டார்கள். தோண்டும் பணிகளுக்கு அனுமதி தரும்போதே, பணி நடக்கும் நாள்களில் மாற்று நடைபாதை அமைப்பதையும், முடிந்ததும் ஓடுகளைப் பழைய திசையிலேயே பதிப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும்.

எல்லாத் தெருக்களிலும் சிறிது சிறிதாகச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. முதல் ஆண்டில் ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அரசு மருத்துவமனைக்கும் அதன் அருகிலுள்ள பேருந்து, ரயில் நிறுத்தங்களுக்கும் இடைப்பட்டதைச் சொல்வேன். அங்கே போகிறவர்களில் பலர் விரும்பிப் போவதில்லை, வேறு நாளுக்குத் தள்ளிப்போடவும் முடியாது. நடைபாதை, சிக்னல், நிறுத்தம், நுழைவாயில், கழிப்பறை, லிஃப்ட் ஆகிய அத்தனைக்கும் சேர்த்து ஓர் அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அந்த வழியில் எழுதி வைக்க வேண்டும். லிஃப்ட் பழுது என்ற அறிவிப்பை லிஃப்டின் கதவில் ஒட்டினால் போதாது. முந்தைய நிறுத்தத்திலேயே அது தெரிய வேண்டும், ஏனெனில் கதவு வரை வந்தவருக்கு வேறு வழி கிடையாது.