ஆடம் குட்ஸும் ஊளையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தை ஆடிய பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸைப் பார்த்து மைதானங்களில் ரசிகர்கள் ஊளையிட்டது இனவெறிதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். பன்னிரண்டு வருடமாகப் பிரிஸ்பேனில் இருக்கிறேன். இந்த நாடு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது. குறை சொல்ல மனம் வரவில்லை. குட்ஸ் ஃப்ரீ கிக் வாங்குவதற்காக விழுந்து நடித்தார், அதனால்தான் ஊளையிட்டார்கள் என்று என் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். மற்ற வீரர்களுக்கும் ஊளை விழத்தானே செய்கிறது? எல்லாவற்றிலும் நிறத்தை ஏன் பார்க்க வேண்டும்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பூர்வகுடி ஓட்டக்காரர் கேத்தி ஃப்ரீமன் ஜெயித்தபோது நாடே எழுந்து கைதட்டியது. விளையாட்டு அப்படி இருக்கட்டும், அரசியல் வேண்டாம். ஃபுட்டியை நடத்தும் ஏஎஃப்எல் அமைப்பும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. பிழைக்க வந்த நாம் இதை ஏன் கிளற வேண்டும்?

எஸ்., பிரிஸ்பேன்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்தை நானும் வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன். ஃபுட்டியின் பெரிய விருது பிரவுன்லோ பதக்கம். ஆட்டத்தில் சிறந்தவராக இருந்தால் மட்டும் போதாது, நேர்மையாகவும் ஆடியிருக்க வேண்டும். அந்த வருடம் தடை வாங்கியவருக்குப் பதக்கம் கிடையாது. ஓட்டுப் போடுபவர்கள் களத்தில் கூடவே ஓடுகிற நடுவர்கள். குட்ஸ் அதை 2003இல் வாங்கினார், 2006இல் மறுபடியும் வாங்கினார். 1999 முதல் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு ஆடியவர், மொத்தம் 372 ஆட்டம். இத்தனை வருடம் நடுவர்கள் கண்ணுக்கு நேர்மையாகத் தெரிந்தவர் கடைசியில் நடிகராகிவிட்டாரா?

இடையில் நடந்தது வேறு. 2013 மே மாதம், மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் காலிங்வுட் அணியோடு ஆட்டம். பூர்வகுடி வீரர்களைக் கௌரவிக்கும் சுற்று அது. எல்லைக்கோட்டோரம் ஓடியவரைப் பார்த்து, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் குரங்கு என்றது. குட்ஸ் நின்றார், திரும்பினார், விரலை நீட்டிக் காட்டினார். கத்தியது பதிமூன்று வயதுச் சிறுமி என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் மேல் பழி போடாதீர்கள், அவளுக்குத் துணையாக இருங்கள் என்று மறுநாள் கேட்டுக்கொண்டவர் குட்ஸ்தான். அந்தப் பிள்ளையும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டது.

2014இல் அவருக்கு அந்த ஆண்டின் ஆஸ்திரேலியர் என்ற விருது கிடைத்தது. அந்த மேடையை வைத்துக்கொண்டு இனவெறியைப் பற்றிப் பேசினார். அரசு பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோன பூர்வகுடிக் குழந்தைகளில் அவருடைய அம்மாவும் ஒருவர். அவர் பேசாமல் வேறு யார் பேசுவது? அதற்குப் பிறகுதான் ஊளை பெருத்தது. 2015 மேயில் கார்ல்டன் அணியோடு ஆட்டம். கோல் போட்டதும் எதிரணி ரசிகர்கள் பக்கமாகப் போய்ப் போர்நடனம் ஆடினார், கையில் இல்லாத ஈட்டியை எறிவதுபோலக் காட்டினார். அதன்பின் பந்து அவர் கைக்கு வந்தாலே ஊளை என்றாகிவிட்டது. ஜூலைக் கடைசியில் பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் தாங்கமுடியாத அளவுக்குப் போனது. அதோடு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்வான்ஸ் ஆட்டத்துக்குச் சிட்னியின் எஸ்சிஜி மைதானத்தில் நான் இருந்தேன். அவர் இல்லை. அவருடைய சட்டை எண் 37. அதற்காகவே மூன்றாவது குவார்ட்டரின் ஏழாவது நிமிடத்தில் கூட்டம் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தது. கீழே ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது, பந்து எங்கே போகிறது என்று என் வரிசையில் யாரும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் சிவப்பு வெள்ளை மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைதட்டலும் அரசியல்தான் தம்பி. அது நடந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

இந்த நாட்டில் விளையாட்டையும் அரசியலையும் எங்கே பிரிப்பது? மெல்பர்னில் குதிரைப் பந்தயத்துக்கு அரசு விடுமுறை. ஃபுட்டி இறுதியாட்டத்துக்கு முந்தின நாளும் விக்டோரியா முழுக்க விடுமுறை. 2018இல் கேப்டவுனில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர்கள் பந்தை உப்புத்தாளால் தேய்த்தபோது பிரதமரே வந்து பேசினார். அப்போதெல்லாம் யாரும் அரசியல் வேண்டாம் என்பதில்லை. பூர்வகுடி ஒருவர் வாயைத் திறந்தால்தான் அந்தப் பேச்சு வருகிறது.

கேத்தி ஃப்ரீமனைச் சொன்னீர்கள். 2000க்கு முன் ஒரு 1994 இருக்கிறது. கனடாவில் காமன்வெல்த் போட்டி. 400 மீட்டர் ஜெயித்துவிட்டுப் பூர்வகுடிக் கொடியோடு ஓடினார். அணியின் தலைமை அதிகாரி ஆர்தர் டன்ஸ்டால் கண்டித்தார், ஆஸ்திரேலியக் கொடி மட்டும்தான் என்றார். கேத்தி 200 மீட்டரும் ஜெயித்து, மறுபடியும் அந்தக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். நீங்கள் ரசித்த சிட்னி ஓட்டத்திலும் அவர் கையில் அதே கொடி இருந்தது. அன்று கைதட்டிய கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்பு அவர் வாங்கிய திட்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள் என்கிறேன்.

பிழைக்க வந்த நாம் என்கிறீர்கள். எனக்கும் நன்றி உண்டு, குறைவில்லாமல் உண்டு. ஆனால் நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. குடியுரிமை வாங்கியவர்கள் இங்கே கட்டாயம் ஓட்டுப் போட்டாக வேண்டும். 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஓர் அமைப்பு வேண்டுமா என்று கேட்டபோது நம் ஆட்களும் வரிசையில் நின்றோம். ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் ஊளையிட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் நம் கையும் இருக்கிறது. குட்ஸுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அப்படி ஒரு வரிசையில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

மன்னிப்புக்கு வருகிறேன். 2015 செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார். இறுதியாட்ட நாளில் ஓய்வு பெறும் வீரர்களுக்கு மைதானத்தில் தரும் வழியனுப்புதலை வேண்டாமென்றார். ஏஎஃப்எல்லும் பதினெட்டு கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டது 2019 ஜூனில். 2021இல் அவரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்பெற்றவர்கள் வரிசையில் சேர்க்க அழைத்தார்கள். அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
அக்கா