ஜெர்மனியில் கணினி வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

(பதில் சொல்பவர் ஷ்டுட்கார்ட் பகுதியில் பதினாறு ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறார்.)

அங்கே படித்தவர்கள் இல்லையா? ஏன் வெளியாட்களைத் தேடுகிறார்கள்?

இருக்கிறார்கள், போதவில்லை. 1950களிலும் 60களிலும் பிறந்த பெருந்தலைமுறை ஓய்வுபெறுகிறது, பின்னால் வருபவர்கள் குறைவு. பிட்காம் என்னும் துறைச் சங்கத்தின் கணக்கில் 2023இல் 1,49,000 கணினிப் பணியிடங்கள் காலி. 2025இல் அது 1,09,000. பொருளாதாரம் தளர்ந்ததால் வந்த இறக்கம் இது. 'ஜெர்மனி கூவி அழைக்கிறது' என்று விளம்பரம் செய்யும் ஏஜென்டுகள் இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

என் மாமா 2001இல் 'கிரீன் கார்டில்' போய்த் திரும்பிவிட்டார். இப்போதும் அப்படித்தானா?

இல்லை. அன்று ஜெர்மனியின் சான்சலராக (நம் பிரதமர் போன்ற பதவி) இருந்த ஷ்ரோடர் 2000இல் அறிவித்த திட்டம் அது. வெளிநாட்டுக் கணினிப் பணியாளர்கள் 20,000 பேர் வரை, அதிகபட்சம் ஐந்தாண்டு. அதற்கே 'இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்' என்ற பொருளில் எதிர்க்கட்சியின் ரூட்கர்ஸ் முழக்கமிட்டார். அவர் போட்டியிட்ட நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத் தேர்தலில் தோற்றார். ஐந்தாண்டில் மூட்டை கட்டச் சொல்லும் ஊருக்கு யார் குடும்பத்தோடு போவார்கள்? உங்கள் மாமாவைக் குறை சொல்லாதீர்கள். இன்று இருப்பது புளூ கார்டு, அதாவது கையில் வேலையோடு வரும் தகுதியுள்ள வெளிநாட்டவருக்கான அனுமதி. அதில் 27 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதங்களே.

பட்டப்படிப்பை முடிக்கவில்லை. ஆனால் ஆறு ஆண்டு அனுபவம் உண்டு.

பட்டம் இல்லாமலே புளூ கார்டு பெறலாம். கணினித் துறைக்கு மட்டும் இந்தச் சலுகை உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் குறைந்தது மூன்றாண்டு பட்டதாரிக்கு நிகரான வேலை செய்திருக்க வேண்டும். கையில் வேலை உத்தரவும் வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சுமார் 43,760 யூரோ, ஆண்டுதோறும் மாறும். அனுபவச் சான்றிதழில் என்ன வேலை செய்தீர்கள் என்று விரிவாக எழுதி வாங்குங்கள். பதவிப் பெயரும் தேதியும் மட்டும் போதாது.

வேலையை விட்டுவிட்டுச் 'சான்சன்கார்ட்டே'யில் போகலாமா?

தம்பி, அவசரப்படாதீர்கள். 2024 ஜூனில் வந்த இந்த வாய்ப்பு அட்டை வேலை தேட ஓராண்டு தருகிறது, வேலையைத் தருவதில்லை. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். கடன் வாங்கி அதைக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் மாதத்தில் அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். இங்கிருந்தே நேர்காணல் கொடுத்து, வேலை கிடைத்தபின் புளூ கார்டில் போவதே என் கட்சி.

மனைவி வேலை செய்யலாமா?

தாராளமாக. புளூ கார்டுக்காரரின் துணைக்கு எந்த வேலைக்கும் தடையில்லை.

ஆங்கிலம் போதாதா?

பெர்லினின் புதிய நிறுவனங்களில் போதும். சிற்றூர்களில் இருக்கும் நடுத்தர நிறுவனங்கள் ஜெர்மனில்தான் பேசும். குடியிருப்பிலும் அப்படியே. நான் குடியேறிய புதிதில் என் கதவில் ஜெர்மனில் எழுதிய ஓர் அட்டை தொங்கியது. விளம்பரம் என்று எறிந்துவிட்டேன். அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்க வேண்டியது என் முறை என்பதற்கான அட்டை அது. சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மையார் துடைப்பத்தோடு வந்து நின்றார்.